ருக்குமணிக்கு அப்பெண்டிக்ஸ்

ருக்குமணியின் வயிற்றில் நான்கு காயங்கள் இருந்தன. ஒன்று தொப்புளுக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. மற்ற மூன்றும் சட்டைப் பொத்தான் அகலம்கூட இல்லை. அந்தச் சின்னஞ்சிறு காயங்களின் வழியாகத்தான் அவள் உயிரைக் காப்பாற்றினார்கள். அவற்றின் வழியாகத்தான் ஒரு பொய்யும் அவள் வாழ்க்கைக்குள் புகுந்தது.

பினாங்கில், ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்தவள் அவள். பள்ளியை முடித்த கையோடு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சேர்ந்தாள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் பொருத்துகிற வேலை. பெற்றோர் இருவரும் அடுத்தடுத்துக் கண்மூடினார்கள். ஒரே தம்பி சிங்கப்பூருக்குப் போனவன், தீபாவளிக்கு மட்டும் தொலைபேசியில் பேசுவான். பிறந்த வீடு என்று ஓடிப்போய் நிற்க அவளுக்கு ஒரு வாசல் கிடையாது.

இருபத்தைந்தாவது வயதில் பிச்சைமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டாள். நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்தில் பிறந்தவன். கடலுக்கு அக்கரையில், பிறை நகரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். காலையில் ஃபெரியில் அக்கரை போய் மாலையில் திரும்புவான். குடி கிடையாது, கை ஓங்குவது கிடையாது. ஒரே ஒரு குறைதான். தன் தாய் நல்லம்மாளின் முன்னால் அவனுக்கு நாக்கு எழாது.

நல்லம்மாளுக்கோ மருமகளைக் கண்டால் நாக்கு அடங்காது. ருக்குமணியின் வயிற்றில் இரண்டு கரு தங்கி, இரண்டும் கலைந்து போயின. அன்றிலிருந்து மாமியார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய்" என்பாள். தோட்டத்துக் கல்யாணங்களில் நலங்கு வைக்க எல்லாப் பெண்களையும் அழைப்பாள், தன் மருமகளைத் தவிர. எட்டு வருடம் அந்தச் சபைகளின் ஓரத்தில் ருக்குமணி சிரித்த முகத்தோடு நின்றிருக்கிறாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யார் கேட்டார்கள்?

தொண்ணூற்றேழாம் ஆண்டின் கடைசியில், நாள் கணக்கில்லாமல் இரத்தம் படத் தொடங்கியது. தொழிற்சாலை கிளினிக்கில் சோதனை செய்தார்கள். அங்கிருந்து ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சீனப் பெண் டாக்டர் ஆங்கிலத்திலும் மலாயிலும் விளக்கினார். பக்கத்தில் நின்ற சபூரா என்ற நர்ஸ், மிஸ்ஸி என்று எல்லோரும் அழைப்பவள், அதைத் தமிழில் எடுத்துச் சொன்னாள்.

"அக்கா, கர்ப்பப்பை வாயில கேன்சர். பயந்துடாதீங்க, ஆரம்பத்துலேயே புடிச்சிட்டாங்க. வெளிய எங்கயும் பரவல. ஆனா கொஞ்சமா கிள்ளி எடுத்தா போதுங்கிற அளவ தாண்டிடுச்சாம். கர்ப்பப்பை, அதச் சுத்தி இருக்கிற சதை, அடிவயித்து நெறிமுடிச்சு எல்லாம் எடுக்கணுமாம்."

"கர்ப்பப்பைய விட்டுட்டு எடுக்க முடியாதா, மிஸ்ஸி?"

சபூரா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் மெல்லத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"வயித்த கிழிக்க மாட்டாங்க" என்று சபூரா அவசரமாகத் தொடர்ந்தாள். "கீஹோல் ஆப்பரேஷன். நாலு சின்ன ஓட்டை. ஒண்ணுல கேமரா. டிவியில பார்த்துக்கிட்டே கையால வேல செய்வாங்க. இங்க இது புதுசு. சீக்கிரம் எழுந்து நடக்கலாம்."

கண் ஓரிடம், கை ஓரிடம். அந்த வேலையின் பொறுமை ருக்குமணிக்குத் தெரியும். அது ஒன்றுதான் அவளுக்கு அன்று ஆறுதலாக இருந்தது. இனி ஒரு குழந்தை தன்னை அம்மா என்று அழைக்காது. ஆனால் உயிரோடு இருப்பாள். அவள் சரியென்றாள். பிச்சைமுத்து கையெழுத்துப் போட்டபோது அவன் கண்ணீர் மேசையில் விழுந்தது. அவன் அன்புக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? ஆனாலும் அதே மனிதன்தான், அவள் ஆப்பரேஷன் அறைக்குள் இருந்த நேரத்தில், வெளியே வந்து தன் தாய்க்குப் போன் போட்டான்.

அறுவை நல்லபடி முடிந்தது. எடுத்த நெறிமுடிச்சுகளில் நோய் இல்லை என்று பிறகு வந்த சோதனையும் சொன்னது. அவள் கண் விழித்து, வறண்ட வாயை நனைத்துக்கொண்டபோது பிச்சைமுத்து சொன்னான்.

"ருக்கு, அம்மாகிட்ட அப்பெண்டிக்ஸ்னு சொல்லிட்டேன்."

"என்னது?"

"அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது லா. கர்ப்பப்பைய எடுத்தாச்சுன்னு தெரிஞ்சா தோட்டமே கூடிடும். எங்க லெட்சுமி அக்கா அடுத்த வாரமே எனக்குப் பொண்ணு பார்க்கக் கெளம்பிடும். காயத்த பார்த்தாலும் யாருக்கும் தெரியாது. பெரிய தையலா இருந்தா மறைக்க முடியாது. இது தாப்பா, பரவாயில்ல, சமாளிச்சிடலாம்."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். வயிறு நெடுகக் கிழித்துத் தைத்திருந்தால் அந்தத் தையலே அவளுக்காகப் பேசியிருக்கும். கண்டவர்கள் வாயடைத்துப் போயிருப்பார்கள். இந்த நான்கு பிளாஸ்டர்கள் ஊமைகள். இவை எந்தப் பொய்யையும் தாங்கிக்கொள்ளும்.

அவள் வீடு திரும்பிக் கொஞ்ச நாளில் நல்லம்மாள் ஒரு கூடை நிறையச் சாமான்களோடு நிபோங் திபாலிலிருந்து பஸ் ஏறி, ஃபெரி ஏறி வந்து இறங்கினாள். வந்ததும் வராததுமாக மருமகளின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏன்டா, தோட்டத்துல பிச்சாயி மவனுக்கு அப்பெண்டிக்ஸ் எடுத்தாங்க. வலது பக்கம் ஒரு கீறல். இவளுக்கு என்ன தொப்புள்ல ஓட்ட?"

"அதுல கேமரா விட்டாங்கம்மா."

"கேமராவா! உங்க கல்யாணத்துக்கே வீடியோ எடுக்க வக்கில்ல, கொடலுக்கு எடுத்தீங்களா?" என்று சொல்லிவிட்டு, தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தாள். பிறகு நெடுநேரம் யோசித்தாள். யோசித்த பின் அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியில்தான் ருக்குமணியின் நரகம் ஆரம்பமாயிற்று.

"இப்பதான் எனக்குப் புரியுது. அந்தக் கெட்டுப்போன கொடல்தான் புள்ளைய தங்கவுடாம உள்ளயே இடிச்சிக்கிட்டு இருந்திருக்கு. பாவி நான், உன்னப் போயி பேசிட்டேனே தாயி!"

தாயி! எட்டு வருடமாக "ஏய்" என்று கூப்பிட்ட வாய் அது. நல்லம்மாள் அவள் கன்னத்தைத் தடவினாள். முரட்டுத்தனமான, ரப்பர்ப் பால்மரம் சீவிய கை. தாய் போன பிறகு அப்படி ஒரு கை ருக்குமணியைத் தொட்டதில்லை. சொல்லிவிட வேண்டும் என்று தொண்டை வரை வந்த வார்த்தை அந்தத் தொடுதலில் கரைந்து உள்ளேயே போய்விட்டது.

மாமியார் திரும்பிப் போகவில்லை. "தைப்பூசம் முடிஞ்சிதான் போவேன்" என்றாள். நாட்டுக்கோழி அடித்து ரசம் வைத்துக் கொடுத்தாள். துணி துவைத்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "என் மருமவ மாதிரி பொறுமைசாலி இந்தப் பினாங்குலயே கெடையாது" என்றாள். ருக்குமணி கேட்க ஏங்கிய வார்த்தைகள் எல்லாம் வந்தன. எல்லாம் வேறு ஒருத்திக்கு, பிள்ளை பெறப்போகிற ஒருத்திக்கு, வந்தன. இரண்டு அறை கொண்ட அந்த வீட்டில் அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த அன்பு நின்றது. திட்டினால் எதிர்த்துப் பேசலாம். அன்பை என்ன செய்ய முடியும்?

ஒரு காலையில் நல்லம்மாள் மஞ்சள் புடவையோடு வந்து நின்றாள்.

"நேர்ந்துக்கிட்டேன் ருக்கு. இந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனுக்கு நீயும் நானும் பால்குடம். புள்ள பொறந்ததும் அடுத்த வருசம் கரும்புத் தொட்டில்ல போட்டுத் தூக்கிக்கிட்டுப் போறோம்."

"அத்தை, டாக்டர் கனம் தூக்கக் கூடாதுன்னு…"

"பால்குடம் கனமா? முருகன் தூக்குவான். அது கெடக்கட்டும், நீ எப்பத் தலைக்கு ஊத்திக்குவ? விரதத்துக்கு நடுவுல வந்துடக் கூடாது பாரு. எந்த தேதின்னு சொல்லு."

விரதம் இருக்கிற வீட்டில் எந்த மாமியாரும் கேட்கிற கேள்விதான். இனி எந்தத் தேதியும் ருக்குமணிக்குக் கிடையாது. இல்லாத ஒன்றுக்கு நாள் சொல்ல வேண்டும்.

"மாசக் கடைசியில வரும், அத்தை" என்றாள்.

"நல்லதாப் போச்சு. அதுக்கப்புறம் தைப்பூசம் வரைக்கும் தொல்ல இல்ல."

மாதக் கடைசி வந்தது, போனது. சாமி விளக்கு ஏற்றுகிற மருமகளை மாமியார் ஒவ்வொரு நாளும் கவனித்தாள். ஒதுங்கவில்லை. துணி எதுவும் தனியாகக் காயவில்லை. ருக்குமணி தன் பொய்யையே மறந்திருந்தாள். மாமியார் மறக்கவில்லை. பிப்ரவரி பிறந்ததும் நல்லம்மாள் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கீழே இறங்கிப் போய்ப் பொதுத் தொலைபேசியில் நெடுநேரம் பேசிவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது அவள் கண்கள் நனைந்திருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிபோங் திபாலிலிருந்து பிச்சைமுத்துவின் அக்காள் லெட்சுமி ஒரு கை நிறையக் கண்ணாடி வளையல்களும் ஒரு ஜாடி ஜாதிக்காய் ஊறுகாயுமாக வந்தாள்.

"வாய்க்குப் புளிப்பா இருக்கும், சாப்புடு" என்று ஜாடியை நீட்டிக் கண்சிமிட்டினாள். "அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க. நாள் தள்ளிப் போயிருக்காமே. விரதத்துக்கு முன்னாடியே காரியத்த முடிச்சிட்டானே, என் தம்பி கெட்டிக்காரன் லா!"

"தோட்டத்துல எல்லாருக்கும் போன்லயே சொல்லிட்டேன்" என்றாள் நல்லம்மாள், குரல் தழுதழுக்க. "நேர்ந்துக்கிட்ட உடனே குடுத்துட்டான் முருகன். கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டான்."

ருக்குமணி கணவனைப் பார்த்தாள். அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. "தண்ணி கொண்டாறேன்" என்று முணுமுணுத்துவிட்டு அடுக்களைக்குள் போனான். அவளும் பின்னாலேயே போனாள்.

"என்னங்க இது? இப்ப சொல்லுங்க. நீங்களே சொல்லிடுங்க."

"சத்தம் போடாத ருக்கு. யோசிக்கிறேன்." அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னான். "இப்ப ஆமான்னு இருந்துடுவோம். கொஞ்ச நாள் போகட்டும். அப்புறம் கலைஞ்சிடுச்சுன்னு சொல்லிடலாம். முன்ன ரெண்டு தடவ ஆனதுதானே, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

 

அந்த இரண்டு! அவற்றுக்காக அவள் அழுத அழுகையை இவன் பார்த்திருக்கிறான். இரத்தம் தோய்ந்த படுக்கை விரிப்பை இவனே குளியலறையில் கசக்கியிருக்கிறான். அந்த இரண்டின் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பொய்ப் பிணத்தை அடுக்கச் சொல்கிறான்! அதற்கும் அவள் அழுது காட்ட வேண்டும். அதற்கும் மாமியாரின் ஏச்சை வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு நான்காவதற்கு மறுபடியும் நேர்த்தி. இது எங்கே முடியும்? அவள் செத்தால்தான் முடியும்.

"நீங்க நல்லவருங்க" என்றாள் ருக்குமணி. "ஆனா நான் செத்துப் பொழைச்சு வந்தது இதுக்கு இல்ல."

அவள் கூடத்துக்கு வந்தாள். லெட்சுமி சிரித்தபடி அவள் கையைப் பிடித்து வளையலைப் போடப் போனாள். ருக்குமணி கையை இழுத்துக்கொண்டாள். ஒரு வளையல் கீழே விழுந்து உடைந்தது.

"அச்சச்சோ! என்ன புள்ள நீ, நல்ல நாளும் அதுவுமா…"

"அக்கா, எனக்குக் கர்ப்பப்பை இல்ல."

நல்லம்மாள் புரியாமல் பார்த்தாள்.

"அத்தை, எனக்கு அப்பெண்டிக்ஸ் இல்ல. கேன்சர். கர்ப்பப்பையில. அந்தச் சின்ன ஓட்டைங்க வழியாத்தான் உள்ள எல்லாத்தையும் அறுத்து எடுத்தாங்க. நாள் தள்ளிப் போகல. இனிமே நாளே கெடையாது. புள்ள வராது, அத்தை. நீங்க எத்தன பால்குடம் தூக்கினாலும் வராது."

"வெளையாடாத" என்றாள் லெட்சுமி. பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள். சுவரோடு ஒட்டி நின்ற அந்த முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. "அட பாவி! அப்ப எங்க வீட்டு வாரிசு? தம்பி, இதுக்கு நீ என்ன பதில் சொல்லப் போற?"

நல்லம்மாள் எழுந்தாள். நேரே மகனிடம் போனாள். ஓங்கி ஓர் அறை விட்டாள். அந்த வயதிலும் அந்தக் கையில் அவ்வளவு பலம் இருந்தது.

"தோட்டம் பூரா சொல்லி வெச்சிருக்கேன்டா! கோயில் ஐயருகிட்ட சொல்லிட்டேன், சீனன் கடையில சொல்லிட்டேன்! போ. நீயே வீடு வீடாப் போயி, எங்கம்மா சொன்னது பொய்யின்னு சொல்லிட்டு வா!"

மருமகளிடம் அவள் ஒன்றும் பேசவில்லை. பார்க்கவும் இல்லை. மஞ்சள் புடவையைச் சுருட்டிக் கூடைக்குள் திணித்தாள். லெட்சுமியை அழைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கே பிச்சைமுத்துவும் அவர்கள் பின்னால் தோட்டத்துக்குப் போனான்.

வீடு வெறுமையாயிற்று. உண்மையைச் சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று யார் சொன்னது? ருக்குமணிக்கு லேசாகவில்லை. மாமியார் தடவிய கன்னம் காலியாக இருந்தது. பொய்யின் கூண்டிலிருந்து வெளியே வந்தால் அங்கே வேறொரு கூண்டு, ஆளில்லாத கூண்டு. பிச்சைமுத்து இரண்டு நாள் கழித்து வந்தான். வீடு வீடாகப் போய்ச் சொன்னதாகச் சொன்னான். எல்லா வீட்டுக்கும் போக முடியவில்லையாம். அம்மா தன்னோடு பேசவில்லை என்றான். நேர்த்திக்கடனையும் விடமாட்டேன் என்கிறாளாம். லெட்சுமி அக்காள் மட்டும் நிறையப் பேசினாள் என்றான். என்ன பேசினாள் என்று அவன் சொல்லவில்லை. ருக்குமணி கேட்கவில்லை. இரண்டாம் கல்யாணம் என்ற சொல் கேட்காமலேயே அந்த வீட்டில் நடமாடியது. அவனுக்கு வேறொருத்தியைக் கட்டிவைப்பார்களா, தன்னை அனுப்பிவிடுவார்களா? போவதென்றால் எங்கே போவது?

தைப்பூசத்தன்று பிச்சைமுத்து விடியுமுன்னே தாயைக் கூட்டி வரப் போய்விட்டான். ருக்குமணி தனியாகப் பஸ் ஏறித் தண்ணீர்மலைக்குப் போனாள். ஏன் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மாமியார் முருகனிடம் இனி என்ன கேட்கப் போகிறாள்? மகனுக்கு வேறொருத்தி வேண்டும் என்றா? அதைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டில் உட்கார முடியவில்லை.

சாலை முழுக்க மஞ்சளும் காவியும். உடைந்த தேங்காய்ச் சில்லுகளை மிதித்துக்கொண்டு கூட்டம் நகர்ந்தது. மலையடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு வெளியே, வெயிலில் அவள் நின்றாள். காவடிகள் போயின. பால்குடங்கள் வரிசையாக வந்தன. அந்த வரிசையில் நல்லம்மாள் வந்தாள். தலையில் குடம், வெறுங்கால், உலர்ந்த உதடு. பின்னால் கைப்பைகளைச் சுமந்துகொண்டு பிச்சைமுத்து. அவனுக்கும் பின்னால் லெட்சுமி.

ருக்குமணி மறைந்து நிற்பதற்குள் தோட்டத்துக்காரி ஒருத்தி நல்லம்மாளுக்குக் குறுக்கே வந்துவிட்டாள். பிச்சைமுத்து போய்ச் சொல்லாமல் விட்ட வீடுகளில் அவள் வீடும் ஒன்று போலும். பெரிய குரலில் கேட்டாள்.

"என்ன நல்லம்மாக்கா, மருமவ முழுகாம இருக்காளாமே! அதுக்கா பால்குடம்? இனிப்பு எங்க?"

வரிசை நின்றது. லெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டான். இதோ, இந்த ஒரு பதிலில் ருக்குமணியின் தலையெழுத்து இருந்தது.

நல்லம்மாள் இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"முழுகாம இல்ல. அவளுக்குப் புத்துநோய். வெட்டி எடுத்தாச்சு, புள்ளப்பையும் போச்சு. உசுரோட இருக்கா. அதுக்குத்தான் இந்தக் கொடம். போதுமா? வழிய விடு."

கேட்டவள் வாயைப் பொத்திக்கொண்டு விலகினாள். அப்போதுதான் நல்லம்மாளின் பார்வை ஓரத்தில் நின்ற மருமகளின் மேல் விழுந்தது. அவள் சிரிக்கவில்லை. முகம் இறுகித்தான் இருந்தது. தாயி என்றும் கூப்பிடவில்லை, ஏய் என்றும் கூப்பிடவில்லை.

"வெயில்ல எதுக்கு நிக்கிற?" என்றாள். "பந்தல்ல போயி உக்காரு."

சொல்லிவிட்டு மேலே நடந்தாள். அது மன்னிப்பா, கோபமா, வெறும் வார்த்தையா? ருக்குமணிக்குத் தெரியவில்லை. கண்ணீர் மட்டும் தன்பாட்டில் வழிந்தது.

பிச்சைமுத்து அவள் முன்னால் நின்றுவிட்டான். மேலே போவதா, இங்கே நிற்பதா என்று புரியாமல், கையில் பைகளோடு, அறை வாங்கிய அன்று நின்றது போலவே நின்றான்.

"போங்க" என்றாள் ருக்குமணி. "படியில கூட்டமா இருக்கு. அத்தைய புடிச்சுக்குங்க."

அவன் போனான். அவள் பந்தலுக்குள் போய் உட்கார்ந்தாள். யாரோ ஒரு டம்ளர் மோரை அவள் கையில் கொடுத்தார்கள்.